இரண்டாவது தீர்மானத்துக்கு எழாத கைகள்

புது உறுப்பினர்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் நகரமைப்பு வல்லுநர் சங்கத்தின் செய்திமடல் ஆசிரியர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் உற்சாகமான சங்கதி எதுவும் கைக்கு வரவில்லை. கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு கூட்டம்தான் மறுபடி மறுபடி நினைவுக்கு வருகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் தனியாக இருந்தாலும் எனக்கு முகம் சுடும். அதையே எழுதுகிறேன். ஆசிரியருக்குப் பிடிக்காவிட்டால் போடாமல் இருக்கட்டும்.

நகரமைப்புத் துறையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தச் சங்கம் எதற்கு என்றே எனக்குத் தெரியாது. சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ், வருஷத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்குப் போனால் வெஜிடபிள் பிரியாணி, இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். உங்களில் பலரும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த நினைப்பு மாறியது உளுந்தூர்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தபோது. திருநாவலூர் போகிற சாலையில் ஒருவர் மனைப்பிரிவு போட்டிருந்தார். ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை வரைபடத்தில் சாலையாகக் காட்டியிருந்தார். ஒப்புதல் தர முடியாது என்று எழுதிவிட்டேன். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. அலுவலக வாசலில் வேலை வெட்டி இல்லாத மாதிரி நாலைந்து பேர் எப்போதும் நின்றுகொண்டிருந்தார்கள். என் மேலதிகாரி விடுப்பில் போய்விட்டார்.

ஒரு நாள் காலையில் சங்கத்தின் அப்போதைய செயலாளர் பஸ் பிடித்து வந்து இறங்கினார். நான் அவரை அழைக்கவில்லை. யார் சொல்லி வந்தார் என்று இன்றுவரை தெரியாது. என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். மனை போட்டவர் வந்ததும், "இவரு யாரு?" என்று கேட்டார்.

செயலாளர் பேப்பரை மடித்து வைத்தார். "நான் இவங்க சங்கத்துக்காரன். இந்தப் பொண்ணு எழுதினது தப்புன்னா எனக்கு வெளக்குங்க. சரின்னா இனிமே என்கூடயும் சேர்த்து சண்டை போடணும்."

சாயங்கால பஸ்ஸில் அவர் போய்விட்டார். வாசலில் நின்றவர்களும் போய்விட்டார்கள். வாய்க்காலைத் தொடாமல் மனைப்பிரிவைத் திருத்தி வரைந்து கொண்டுவந்தார்கள். தனியாக மாட்டிக்கொண்டவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவதுதான் சங்கம் என்று அன்று புரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் பிரியாணிதான்.

இனி நான் சொல்ல வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு திருக்கோவிலூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். சங்கத்தில் என்னை நெறிமுறைக் குழுவுக்கு அமைப்பாளராகப் போட்டார்கள். உறுப்பினர் யாராவது தொழிலில் தவறு செய்தார் என்று புகார் வந்தால் விசாரிக்கும் குழு அது. "வேலையே இருக்காது மேடம், பேருக்குத்தான்" என்றார் தலைவர். உண்மையிலேயே வெகு காலம் வேலை இருக்கவில்லை.

ஒரு நாள் வசந்தி என்ற பெண் போன் செய்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சொந்த ஊர் கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர்.

"மேடம், எங்க ஊருக்கு ஒரு திட்டம் போட்டிருக்காங்க. அதுல எங்க அப்பா சாவு போட்டோவப் போட்டு மக்கள் கூட்டம்னு எழுதிகிறாங்க."

எனக்கு விளங்கவில்லை. "எதுவா இருந்தாலும் எழுதிக் கொடும்மா" என்றேன். அரசாங்க வேலையில் வாயில் ஒட்டிக்கொண்ட வாக்கியம்.

"எழுதறதுக்கு இன்னா மேடம் இருக்குது? போட்டோவ அனுப்புறேன், பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

படம் வந்தது. அருவியைப் பார்க்க வண்டிகள் ஜாஸ்தியாக வரத் தொடங்கியதால், அந்தப் பகுதிக்கு ஒரு சுற்றுலா மேம்பாட்டுத் திட்டம் தயாரித்திருந்தார்கள். கடைகள், தங்கும் விடுதி, பெரிய வண்டி நிறுத்துமிடம். இப்படிப்பட்ட திட்டத்துக்கு ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டதற்குச் சான்றாகத் திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் முழுக்க அந்தப் படம். துணிப் பந்தல், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே, 'உள்ளூர் மக்களுடன் கருத்துக் கேட்புக் கூட்டம். மக்கள் ஒருமனதாக ஆதரவு தெரிவித்தனர்.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெண் தலையை விரித்துப் போட்டு, வாயைத் திறந்தபடி இருந்தாள். அவசரமாகப் பார்த்தால் ஏதோ கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். அவள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அது வசந்தியின் அம்மா ராமாயி.

திட்டத்தைத் தயாரித்து, தகுதி பெற்ற நகரமைப்பு வல்லுநர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டிருந்தவர் எங்கள் சங்கத்தின் துணைத்தலைவர். அவர் பெயர் வேண்டாம். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். என் மகள் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி விசாரித்தவர். தனியாக ஆலோசனை அலுவலகம் நடத்திவந்தார்.

குழு கூடியது. என்னையும் சேர்த்து மூன்று பேர். துணைத்தலைவர் வந்தார், வருத்தப்பட்டார். "ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு தப்பான படத்தைச் சேர்த்துட்டா. நானும் பார்க்காம விட்டுட்டேன். அவளை வேலையை விட்டு நிறுத்திட்டேன்" என்றார். மற்ற இருவருக்கும் மூச்சு வந்தது. ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறுத்தியது.

அவள் பெயர் நிவேதா. சின்னசேலத்தில் அவள் வீட்டுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொல் என்றதற்கு, "இங்க சொல்லி இன்னா மேடம் ஆவப்போவுது? அந்த அம்மாவ நானு நேர்ல பாக்கணும். அவங்க எதிர்க்கவே சொல்றேன்" என்றாள்.

விசாரணையை மலையிலேயே வைப்பது என்று முடிவு செய்தேன். சங்கத் தலைவர் கோபப்பட்டார். "எதுக்கு மேடம் இது? அவரை ஊர் நடுவுல நிறுத்தணுமா?"

"படத்துல இருக்கிறவங்களைக் கேட்காமதானே சார் இவ்வளவும் வந்தது?" என்றேன். தைரியமாகச் சொன்னேனே தவிர, போனை வைத்த பிறகு விசாரணையைக் கீழேயே வைத்திருக்கலாமோ என்று யோசித்தேன்.

குழுவினரும் துணைத்தலைவரும் நிவேதாவும் ஒரே காரில் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்வரை துணைத்தலைவர் பழைய கல்லூரிக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பின்சீட்டில் நிவேதா சன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவளோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பலாமரத்தடியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. அவர்கள் தரையில், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்படியே அந்தப் படம் மாதிரி இருந்தது. நானும் கீழே உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். நாடகம் போடுகிற மாதிரி இருக்கும் என்று பட்டது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

ராமாயி எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க வூட்டுக்காரரு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாருங்க. ஆம்புலன்சு மலை ஏறி வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. மறுநாளு இங்கதான் போட்டிருந்தோம். ஒரு பாப்பா ரோட்டுல நின்னுகினு போன்ல படம் புடிச்சிது. யாரோ ஒறமொற வூட்டு பாப்பான்னு நெனச்சிகினேன். இப்ப எம் பொண்ணு காட்டுது. நானு தலைய விரிச்சிப் போட்டு அழுதுகினு கீறேன். அதுக்குக் கீழ, ஒத்துகினாங்கன்னு எழுதிகீதாம். அன்னிக்கி யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னே எனுக்குத் தெரியாது. நானு இன்னாத்தங்க ஒத்துகினேன்?"

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"எங்க கொல்லையில சாமை அறுத்துட்டு சும்மா போட்டிருந்தோம். அத்த காலி நெலம்னு போட்டு, வண்டி நிக்கிற எடமா ஆக்கிகிறாங்க. சரி, அது கெடக்கட்டும். அந்தப் படத்துல ஓரத்துல பாடை இருந்திருக்கணும். ஒறமொறைங்க புடிச்ச படத்துல எல்லாம் இருக்குது. இதுல இல்ல. யாரோ அத்த வெட்டிகிறாங்க. யாருங்க வெட்னது?"

நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை. படத்தின் வலது ஓரம் பந்தல்காலோடு நின்றுபோயிருந்ததைப் பார்த்திருந்தேன். கண்ணில் பட்டும் மனசில் படவில்லை. தெரியாமல் தப்பான படத்தைச் சேர்த்தவர் அதை வெட்டியிருக்க மாட்டார். வெட்டியவருக்கு அது என்ன படம் என்று தெரிந்திருக்கிறது.

நிவேதா எழுந்தாள். துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் புடிச்சது நான்தாம்மா. கூட்டம் போடறதுக்குத்தான் வந்தேன். சாவு வூடுன்னு தெரிஞ்சதும் பஸ் ஏறிட்டேன். இன்னிக்கி கூட்டம் போட முடியல சார், இதான் காரணம்னு ஆபீசுக்குக் காட்டத்தான் படத்த அனுப்பினேன். கேக்காம புடிச்சது தப்புதான். வெட்னது நான் இல்லம்மா."

எல்லாருடைய கண்ணும் துணைத்தலைவர் பக்கம் போயிற்று. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த குழு உறுப்பினர் என் காதருகே குனிந்து, "இங்க வேண்டாம் மேடம். கீழ போய் நம்மளுக்குள்ள பேசிக்கலாம்" என்றார்.

எழுந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். என் வீட்டில் அவருக்கென்று ஒரு டம்ளர் உண்டு. இவ்வளவு பேருக்கு முன்னால் அவரை நான் எப்படிக் கேட்பேன்? அதே சமயம், நின்றுகொண்டிருந்த நிவேதா இன்னும் உட்காரவில்லை. நாங்கள் இப்போது எழுந்து போனால், இந்த ஊர் கடைசியாகப் பார்க்கப்போவது அவள் முகத்தைத்தான். வெட்டியவள் இவள்தான் என்றே அவர்கள் மனசில் நின்றுவிடும்.

"நீங்களா வெட்டினீங்க?" என்று கேட்டேன். அவரை வாழ்நாளில் முதல் தடவையாக நீங்கள் என்று கூப்பிட்டேன்.

செருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அறிக்கை கொடுக்க வேண்டிய கெடு முடியப்போற நேரம். மறுபடி ஒரு கூட்டம் போட நேரம் இல்ல. பின்னாடி நடத்திக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

கூட்டத்தில் சத்தம் எழவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவ்வளவுதான். ராமாயி நிவேதாவைப் பார்த்து, "உக்காரு பாப்பா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க யாருங்க? கவர்மெண்டா?"

"இல்லம்மா. நாங்க சங்கம். இந்த மாதிரி திட்டம் போடறவங்களோட சங்கம்."

"ஒங்க சங்கத்தால இன்னா பண்ண முடியும்?"

"தப்பு பண்ணவர் பேரை சங்கத்திலிருந்து எடுக்க முடியும்."

அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரித்தான் கேட்டாள். "அவரு பேர எடுத்துட்டா, எங்க கொல்லை மேல போட்ட கோடு போயிடுமா?"

"சங்கத்தைக் கூட்டி அதையும் கேட்கிறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் உறுப்பினர்கள் கூடினார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். எங்கள் குழு இரண்டு தீர்மானங்களைக் கொண்டுபோயிருந்தது. முதலாவது, துணைத்தலைவரை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்குவது. இரண்டாவது, ஊர்க்காரர்களைக் கேட்காமல் தயாரித்த இந்தத் திட்டத்தை வைத்து எதையும் செய்யக் கூடாது என்று சங்கமே அரசாங்கத்துக்கு எழுதுவது.

முதல் தீர்மானத்தை நான் படித்து முடிப்பதற்குள்ளேயே ஆளாளுக்குப் பேசினார்கள். தொழிலுக்கே களங்கம் என்றார் ஒருவர். நம் எல்லாருடைய பெயரும் கெட்டுவிட்டது என்றார் இன்னொருவர். அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள்கூடப் பேசினார்கள். கைகள் எழுந்தன. மண்டபம் முழுக்கக் கை. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதால் வரச் சொல்லியிருந்தோம். பதில் எதுவும் இல்லை என்றுவிட்டார்.

பிறகு இரண்டாவது தீர்மானத்தைப் படித்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் மெதுவாக எழுந்தார். "மேடம், நம்ம வேலை உறுப்பினரைப் பார்க்கிறது. திட்டத்தைப் பார்க்கிறது அரசாங்கம். அதுல நாம ஏன் போய் நிக்கணும்?"

இன்னொருவர் எழுந்து, "இப்படி எழுத ஆரம்பிச்சா நாளைக்கு நமக்கு எவன் வேலை கொடுப்பான்?" என்றார். சிலர் சிரித்தார்கள். அரசுப் பணியில் இருந்தவர்கள், தாங்கள் வாக்களிப்பது முறையாகாது என்று எழுந்து வெளியே போனார்கள். இன்னும் சிலர் சாப்பாடு தயாரா என்று பார்க்கப் போனார்கள்.

நான் அங்கே எழுந்து பேசியிருக்க வேண்டும். மலையில் அந்தப் பெண் கேட்ட கேள்வியை அவள் கேட்ட மாதிரியே சொல்லியிருக்க வேண்டும். எழுதி வைத்ததே போதும், படித்தவர்களுக்குப் புரியும் என்று நம்பி உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் கை தூக்கச் சொன்னார். என் கை, எங்கள் குழுவில் இருந்த இன்னொருவர் கை, நடுவில் எங்கோ ஒரு கை. நிவேதா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்போது முழு உறுப்பினர் இல்லை, கை தூக்க முடியாது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

"தீர்மானம் தோற்றது" என்றார் தலைவர். மைக்கை அணைக்கப் போனார்.

கடைசி வரிசையிலிருந்து துணைத்தலைவர், இல்லை, அந்த நேரத்தில் அவர் உறுப்பினரே இல்லை, எழுந்து நின்றார்.

"என் பேரை எடுத்துட்டீங்க. சரிதான். ஆனா அந்தத் திட்டத்துல என் கையெழுத்து அப்படியே இருக்கு. அதை நீங்க எடுக்கப் போறதில்ல. நானே போய் எடுத்துக்கிறேன்."

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். உள்ளே இலை போட ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் அவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். கூட்டம் நடக்கவில்லை, படம் சாவு வீட்டுப் படம், வெட்டியது நான், கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதிகாரிகளிடம் நேரில் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஒப்புக்கொண்ட இன்னும் இரண்டு வேலைகள் அதோடு கைவிட்டுப் போயின. அலுவலகத்தைப் பூட்டினார். கையெழுத்து இல்லாத திட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறொருவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஊர்க்காரர்களை உட்கார வைத்து, உண்மையாகவே கேட்டார்கள். வண்டி நிறுத்துமிடம் சாலையோரப் புறம்போக்குக்கு மாறியது.

சில நாள் கழித்து அவருக்கு போன் செய்தேன்.

"என்மேல கோபமா?" என்றேன்.

"உன்மேல என்ன கோபம்? நீ கேக்கலேன்னா அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டு ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பேன்." பிறகு அவராகவே சொன்னார்: "நிவேதாகிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். சரி சார்னு சொன்னா. உள்ள வாங்கன்னு சொல்லல."

நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனேன். அவர் கேட்கவில்லை. "ரெண்டாவதுக்குக் கை தூக்கினவங்க யாருன்னு பின்னாடியிருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். நடுவில் எழுந்த மூன்றாவது கை யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அவர் செய்தது பெரிய தவறு. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஒரு பெண்ணின் அழுகையை எடுத்து அவளுக்கு எதிராகவே சாட்சி வைத்தார். அதற்கு ஒரு சின்னப் பெண்ணைப் பலி கொடுக்கவும் பார்த்தார். நீக்கியது சரி. ஆனால் நீக்கிய கையோடு நாங்கள் சாப்பிடப் போய்விட்டோம். தவறு செய்த ஒருவரை வெளியே தள்ளினால் மிச்சம் இருக்கிறவர்கள் சுத்தமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம். நம் சங்கம் உறுப்பினரைக் காப்பாற்ற வேண்டும், தப்பு செய்தால் கண்டிக்கவும் வேண்டும். இரண்டையும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நாம் போட்ட கோட்டுக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதை நீங்களாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் வேலை போய்விடுமோ என்ற பயம் வருகிற அந்த நேரத்தில்.

ராமாயிக்கு முடிவை நேரில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, புதுத் திட்டம் முடிவான பிறகு ஒரு முறை மலைக்குப் போனேன். தனியாக, பஸ்ஸில். ராமாயி கொல்லையில் இருந்தாள். சாமை முழங்கால் உயரம் வந்திருந்தது. என்னைக் கண்டதும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்புக்கு வந்தாள்.

"கோடு போயிடுச்சிம்மா" என்றேன்.

"வசந்தி சொல்லிச்சிங்க. நல்லதுங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க சங்கத்துல எழுதிக் குடுத்தாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லம்மா. அன்னைக்கு வந்தாரே, படத்தை வெட்டினவர். அவரே போய்த் தான் செஞ்சது பொய்யின்னு சொல்லிட்டார்."

"அவரா?" அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அவரதான் எடுத்துட்டீங்கன்னு அந்தப் படம் புடிச்ச பாப்பா சொல்லிச்சே?"

"ஆமா. எடுத்துட்டோம்."

"பொய் படம் போட்டவருதான் போயி, பொய்யின்னு சொன்னாரு."

"ஆமாம்மா."

"மத்தவங்க?"

"மத்தவங்க ஒண்ணும் சொல்லலம்மா. கூட்டத்துல கேட்டேன். கை தூக்கல."

ராமாயி என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் குத்தல் எதுவும் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஏங்க? அவங்களும் இந்த மாரி படம் போட்டிருக்காங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மண்டபத்தில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். எல்லாருடைய திட்டங்களையும் நான் படித்திருக்கிறேன், எத்தனையோ கூட்டப் படங்களை ஒரு நொடிகூடப் பெரிதாக்கிப் பார்க்காமல் புரட்டிப் போயிருக்கிறேன்.

அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, பஸ் வர நேரமாகும், நிழலில் போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாமைக்குள் இறங்கினாள்.